நாக்குப் புலியும் இரண்டாவது துண்டும்

டிவியில் பலகாரங்களை ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் 'நாக்குப் புலி', அந்தப் புது பேக்கரியின் கேக்கை நேரலையில் கடித்தார். கண்கள் சொக்கின.

"ஆகா, அசல் சர்க்கரை! செயற்கை இனிப்பைப் போட்டா என் நாக்கு காட்டிக் கொடுத்துடும். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தி அப்படித்தான் என்னை ஏமாத்தப் பார்த்தா. கேமரா முன்னாடியே துப்பினேன். ஒரே மாசத்துல அவ கடைக்குப் பூட்டு!"

பெருமை தாங்காமல் இன்னொரு பெரிய துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

பேக்கரிக்காரம்மா முகக்கவசத்தை நிதானமாகக் கழற்றினாள்.

"அந்த ஒருத்தி நான்தான் சார். அன்னிக்கு நீங்க துப்பினது அசல் சர்க்கரை போட்ட கேக்."

மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. "அப்போ... இது?"

"இதுல சர்க்கரை மருந்துக்குக்கூடக் கிடையாது. அத்தனையும் செயற்கை இனிப்பு. லைவ் ஓடுது சார்... துப்புறீங்களா, முழுங்குறீங்களா?"