பருக்கை ஒட்டிய பக்கம்

மாமல்லபுரத்துக் குப்பத்தில் காலை வெயில் அடுப்படி வரை வந்து கிடக்கிறது. பதினோரு வயது ரஞ்சிதா, கொதிக்கும் உலைக்கு மேலே தன் பழைய கதைப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ரஞ்சிதா சின்னவளாக இருந்தபோது அவள் அம்மா வச்சலா அதன் கடைசிப் பக்கங்களைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிட்டு, கதையில் கடலுக்குப் போன அப்பாவைப் பற்றி, "அந்தப் பொண்ணோட நைனா கரைக்கு வந்துட்டாரு, அவ்ளோதான் கத" என்று முடித்துவிட்டாள். இப்போது ஆவி பட்டு ஒட்டு நெகிழ்கிறது. வெளியே காற்றில் தகரக் கூரை தடதடக்கிறது.

"வேணாம்டி, உன் நைனா கடல்ல கீறாரு, அபசகுனமா அத்தப் படிக்காத!" என்று வச்சலா பிடுங்க வருகிறாள். ரஞ்சிதா முதுகைத் திருப்பிக்கொள்கிறாள். "கதையில அந்த நைனா செத்துடுவாரு, அதான? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினியா?"

பக்கம் பிரிகிறது. கவிழ்ந்த படகின் படத்தில் காய்ந்திருக்கும் பருக்கையை நகத்தால் சுரண்டிவிட்டு, அவள் உரக்கப் படிக்கிறாள். குரல் உடைகிறது, கன்னம் நனைகிறது, வாய் மட்டும் நிற்கவில்லை.

"அழுவாத, மூடி வையி."

"அழுதுகினே படிப்பேன். இன்னா இப்போ?"

வச்சலா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறாள். அன்று படத்தைப் பார்த்ததுமே பயந்து, மேலே படிக்காமல் ஒட்டியவள் அவள். படகு கவிழ்ந்த பிறகும் கதை இவ்வளவு தூரம் போகிறது என்று அவளுக்கு இன்றுதான் தெரிகிறது.