பிளாஸ்திரியை இழுக்காதீங்க

"நெத்தியில ரெண்டு, முழங்கால்ல நாலு, முழங்கையில ஒண்ணு. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஏழு காயமா?" எண்ணி எழுதிக்கொண்டார் குழந்தைகள் நல அதிகாரி.

சிறுமி டாக்டரின் பரிசோதனைக் கட்டிலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா இஸ்திரிக் கடையிலிருந்து போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தாள்.

நாற்காலியில் இடித்துக்கொண்டாள், வாசற்படியில் தடுக்கினாள் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னாள் அம்மா. பொய் சொல்பவள்கூட இதைவிட நல்ல காரணமாக யோசித்து வைத்திருப்பாள்.

அதிகாரியோ வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். அடிபட்ட பிள்ளை என்று தகவல் வந்தால் அந்த வழக்கைக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

"இன்னைக்கே பிள்ளையை இல்லத்துல சேர்க்கணும். சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போடுங்க டாக்டர்."

அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "எனக்கு இவளை விட்டா யாரும் இல்ல மேடம். ஒரு தடவைகூட இவ மேல நான் கை வச்சதில்ல."

"எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்வாங்க. மூணு வயசுல இப்படி ஒரு அம்மாகிட்டேருந்து காப்பாத்தப்பட்டவ நான். எங்கிட்ட நடிக்காதீங்க."

சொல்லிக்கொண்டே சிறுமியின் முழங்கையிலிருந்த பிளாஸ்திரியைப் பிரித்தார் அதிகாரி. இழுக்காதீங்க என்று அம்மா அலறி முடிப்பதற்குள் பிளாஸ்திரியோடு தோலும் உரிந்து வந்துவிட்டது.

சிறுமி வீறிட்டாள். அம்மா யாரையும் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து ஈரத்துணியை எடுத்து, அழுத்தாமல் ஒற்றினாள். பழகிய கை.

"நான் மெதுவாத்தான் இழுத்தேன்" என்றார் அதிகாரி. அவர் முகம் வெளுத்திருந்தது.

டாக்டர் சிறுமியின் கன்னத்துத் தோலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். ரப்பர் போல நீண்டு, விட்டதும் பழையபடி போய் ஒட்டிக்கொண்டது. இது பிறவியிலேயே வருகிற கோளாறு, தோலைப் பிடித்து வைக்கிற நார்த்திசுவில் பலமில்லை, லேசாக இடித்தாலே கிழியும் என்றார். யாரும் அடிக்கவேண்டிய அவசியமே இல்லை என்று காகிதத்தைக் கையெழுத்திடாமல் திருப்பி நீட்டினார்.

அம்மா மகளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். எத்தனை நாள் அழுகையோ அது.

அதிகாரி காகிதத்தை வாங்கவில்லை. தன் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, முழங்கைவரை சுருட்டிவிட்டு டாக்டரிடம் கையை நீட்டினார். கை முழுக்கப் பழைய காயத் தழும்புகள். டாக்டர் தோலைப் பிடித்து இழுத்தார். அதுவும் நீண்டது.



"அப்போ எங்கம்மா என்னை அடிக்கவே இல்லையா டாக்டர்?"