இடப்பக்கம் பார்த்த கைப்பிடிகள்

மாமனார் இறந்தபின் அந்த வீட்டில் எல்லாரும் காப்பி குடிக்காமலே வேலைக்கு ஓடினார்கள். விடியுமுன் எழுந்து, ஆமைவேக மெஷினில் சொட்டுச் சொட்டாக இறக்கி வைத்தவர் அவர்தானே!

"அப்பாவோட பொறுமை நமக்கேது? சட்டுனு இறங்குறதா வாங்கு" என்று கணவன் சொன்னான். மருமகள் கடையில் ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்து, கண்மூடித் திறப்பதற்குள் ஜாடி நிரம்பும் மெஷினை வாங்கி வந்தாள்.

மறுநாள் அவள் இருட்டோடு எழுந்து வந்தபோது வீடே உறங்கிக்கொண்டிருந்தது. புது மெஷினின் ஜாடி நிறைந்து ஆவி பறந்தது. பக்கத்தில் அடுக்கியிருந்த கோப்பைகளின் கைப்பிடிகள் எல்லாம் இடப்பக்கம் பார்த்திருந்தன. அந்த வீட்டில் இடதுகைக்காரர் மாமனார் ஒருவர்தான்.

அவள் பயப்படவில்லை, பாருங்கள். மனசுதான் கேட்கவில்லை.

"இதுதான் வேகமா இறங்குதே மாமா. இன்னும் கொஞ்சம் தூங்கிட்டு எழுந்திரிங்களேன்."

அடுத்த நாள் நன்றாக விடிந்து, அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அடுக்களையில் காப்பி சொட்டுகிற சத்தம் கேட்டது.