ஐஸ் பெட்டி

மூளைச்சாவு என்று டாக்டர் சொன்னபோது வடிவு நம்பவில்லை. "நெஞ்சு அடிக்குதே டாக்டர்" என்று புருஷன் சுடலைமணியின் மார்பில் கையை வைத்துக் காட்டினாள். எல்லாம் மெஷின் தயவில் ஓடுகிறது, இதயத்தை எடுக்கும்போது நிறுத்திவிடுவோம், ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் இன்னொருவருக்குக் கொண்டுபோவோம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நிறுத்திவிடுவோம் என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் சம்மதித்தாள். ஆபரேஷன் தியேட்டர் கதவைச் சாத்தியதுமே, கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்ட நாத்தனார் பேச்சியம்மாள் முந்தானையால் அவள் நெற்றிக் குங்குமத்தை அழித்தாள். "இனிமே உனக்கு எதுக்கு இது?"

கதவு திறந்தது. ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் ஐஸ் இல்லை. கண்ணாடி மூடிக்குள், குழாய்கள் வெதுவெதுப்பாக ரத்தம் ஊட்ட, சுடலைமணியின் இதயம் தன்னந்தனியாக, மும்முரமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"ஐஸ்னு சொன்னீங்களே?"

"இது புது மெஷின்மா. துடிக்கவிட்டே கொண்டுபோனா இன்னும் நல்லது" என்றார் டாக்டர், அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தவர்போல.

ராத்திரி பகலாகக் காலைப் பிடித்துக் கெஞ்சியும் தனக்காக ஒரு விரலை அசைக்காத மனுஷன், யாருக்காகவோ இப்படித் துடிக்கிறான். வடிவு கைப்பையைத் துழாவி ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்தாள். மூடியில் முகம் பார்த்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

"மதினி, இங்க வாங்க. இவரு முன்னாடி அழிங்க, பாப்போம்."