செயலாளரின் புதுத் துண்டு

"இந்த வருஷமாவது என்னை விட்டுடுங்க," என்றார் செயலாளர்.

பெரியவர்களுக்கான நீச்சல் மன்றத்தின் ஆண்டுக் கூட்டம் அது. குளத்திலிருந்து நேராக வந்து ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தவர்கள் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார்கள்.

"உங்களை விட்டா யாருண்ணே இருக்கா?" என்றார் தலைவர்.

"தண்ணி மாத்தறதுலேர்ந்து, 'அவன் என்னை இடிச்சுட்டு நீந்தறான்'ங்கற சண்டை வரைக்கும் நான்தான் பார்க்கறேன். களைச்சுப் போயிட்டேன் தம்பி."

வெகுநேரம் கழித்து, பின்வரிசையிலிருந்த பல் டாக்டரம்மா கையைத் தூக்கினார்.

"நான் பார்த்துக்கறேன். அவரை விடுங்க, பாவம்."

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை அவர் புதுத் துண்டோடு குளத்துக்கு வந்தார். பயிற்சியாளர் சிரித்தார்.

"பதவி போயும் கால் இங்கதான் இழுக்குதா சார்? இன்னிக்கு என்ன புகார்?"

"புகார் இல்லப்பா. நீச்சல் கத்துக்கணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். அதுக்காகத்தானே மன்றத்துல சேர்ந்தேன்! சேர்ந்த வாரமே செயலாளராக்கிட்டாங்க. அப்புறம் தண்ணியில கால் வைக்க ஏது நேரம்?"

பயிற்சியாளரின் சிரிப்பு நின்றது.

"சார், அறுபது தாண்டினவங்களுக்குப் புதுசாக் கத்துக்கொடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கே."

"எந்த மடையன் போட்ட விதி அது?"



"நீங்கதான் சார். பதவிக்கு வந்த புதுசுல."

செயலாளர் துண்டைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த விதியைப் போட்டபோது அறுபது வயது என்பது குளத்தின் எதிர்க்கரையைவிடத் தூரமாகத் தெரிந்திருந்தது.