பூவாத்தாள் வீட்டு லாந்தர்

"இன்னைக்கோட அந்தக் கொட்டாய்க்குக் கூரைய மூடோணும். இல்லீன்னா நான் என்ற அப்பன் ஊட்டுக்குப் போறன், பாத்துக்குங்க!"

மருதாத்தாள் சாணிக் கூடையை நங்கென்று இறக்கி வைத்தாள்.

அவள் புருஷன் மாரப்பன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். கையில் தூரக்கண்ணாடி. நெல்லியாம்பதித் தோட்டத்துத் துரைக்கு அவன் வருஷக் கணக்காக நெய் கொண்டுபோய்க் கொடுத்தவன். துரை சீமைக்குக் கிளம்பும்போது அதை அவன் கையில் கொடுத்து, "சனிக்கு வளையம் இருக்கு மாரப்பா, நீயே பாரு" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டார்.

மகராசன், எங்கேயிருந்தாலும் நல்லா இருக்கட்டும் என்று மாரப்பன் தினமும் அவரை நினைத்துக்கொள்வான். மருதாத்தாளும் தினமும் நினைத்துக்கொள்வாள். அது வேறு மாதிரி.

பின்னே என்ன? மாட்டுக்குச் சோளத்தட்டு அடுக்குகிற கொட்டாயைக் காலி செய்துவிட்டான். கூரையைச் சுவரிலிருந்து பிரித்து, அடியில் பழைய வண்டிச் சக்கரம் நாலு மாட்டி, ரெண்டு பனைமரத்தைப் படுக்கப்போட்டு அதன்மேல் ஏற்றினான். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைக் கயிற்றை அதில் கட்டினான். காளை நாலு எட்டு நடந்தால் போதும், கூரை நகர்ந்து வானம் தெரியும். நடுவில் மருதாத்தாளின் பழைய உரலைக் கவிழ்த்து, அதன்மேல் தூரக்கண்ணாடி.

மீனாட்சிபுரமே வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. ஆனால் அவன் பார்க்கப்போவது சனியை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கோயிலிலேயே சனீஸ்வரனுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று கும்பிடுகிற ஜனம். நாம சனியப் பாத்தா, சனி நம்மளப் பாக்காதா?

எல்லாரையும்விட மோசம் பக்கத்து வீட்டுப் பூவாத்தாள். புருஷன் இல்லாதவள், ஒற்றைப் பசுவை வைத்துப் பிழைப்பவள். கூரை கிறீச்சென்று நகர்ந்தால் போதும், படாரென்று கதவைச் சாத்துவாள். அவள் மாட்டுக் கட்டுத்தரையில் தொங்குகிற லாந்தரும் அணைந்துவிடும்.

மருதாத்தாளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"விளக்கு வெக்கற நேரத்துல விளக்க அமத்தறா! பக்கத்தூட்டுக்காரி இப்படிப் பண்ணுனா நம்ம குடும்பம் வெளங்குமா? செவலை வேற கன்னு போடற மாசம்!"

"அட, அவிய பாட்டுக்கு இருக்கறாங்க, உடு."

"உடறதா? இப்பக் கால நொண்டீட்டு வேற திரியறா. சனி கால்லதான் புடிப்பானாம். நாளைக்கு ஊரக் கூட்டி உங்க மேல பழி போடுவா, பாருங்க."

"இன்னைக்கு ஒரு பொழுது மட்டும் மருதா. தெனமும் மேகம் மூடிக்குது. இன்னும் வளையத்தக் கண்ணுல பாக்கல."

அவன் கெஞ்சினதைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

"செரி, இன்னைக்கு மட்டும். ஆனா அந்தக் கெரகம் புடிச்சவள நாலு கேள்வி கேக்காம உடமாட்டன்!"

பொழுது சாய்ந்தது. மேகம் இல்லை. காளை நடந்தது, கூரை கிறீச்சிட்டது.

அடுத்த வீட்டில் லாந்தர் அணைந்தது. கதவு படார்.

மருதாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலிச் சந்தில் புகுந்து, போய்க் கதவைத் தட்டினாள்.

"ஆ... ஆரு?" உள்ளே குரல் நடுங்கியது.

"நாந்தான். கதவத் தொறக்கா!"

கதவு துளி திறந்தது. உள்ளே கும்மிருட்டு.

"ஏனக்கா, உன்ற குடிய நாங்க கெடுத்தமா? சனிக்குப் பயமா இருந்தாக் கதவச் சாத்திக்க, வேண்டாங்கல. லாந்தர எதுக்கு அமத்தறே?"

பூவாத்தாள் திருதிருவென்று விழித்தாள்.

"உனக்குத் தெரியாதா அம்மிணி? மொத நாளு தம்பி வேலியோரம் நின்னு தானாப் பேசிட்டிருந்துச்சு. 'இந்த லாந்தரு வெளிச்சம் கண்ணுல அடிக்குது, ஒண்ணுமே தெரியல'ன்னு. என்ற காதுல உளுந்துருச்சு. ஆசையா என்னமோ பண்ணுது, நம்ம லாந்தரு எதுக்குக் குறுக்கேன்னு அமத்தீட்டன்."

மருதாத்தாள் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டாள்.

"அப்ப... காலு?"

"இருட்டுல மாடு கறக்கப் போயி கவுறு கட்டற மொளக்குச்சில இடிச்சுக்கிட்டன். அது கெடக்குது உடு. தம்பிக்கு வளையம் தெரிஞ்சுதா?"

"அப்பக் கதவ எதுக்குக்கா சாத்தறே?"

"அது பயத்துக்குத்தான் அம்மிணி! அந்தச் சனி என்னையப் பாத்துப்போட்டா? இருட்டுல ஒத்தையா உக்காந்துக்கிட்டு, எப்படா கூரை மூடுவாங்கன்னு சாமியக் கும்பிட்டுக்கிட்டுக் கெடக்கறன்."

மருதாத்தாள் அவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"உன்னையப் போயி... நீ நல்லா இருக்கோணும்க்கா. நாளையிலிருந்து பொழுதிருக்கவே நான் வந்து உன்ற மாட்டக் கறந்து தாரன்."

அந்த நேரம் கொட்டாயிலிருந்து ஒரு கூச்சல்.

"மருதா! தெரியுது! வளையம் தெரியுது! சீக்கிரம் ஓடியா! மேகம் வந்துரும்!"

மருதாத்தாள் வாசலில் நின்றே திருப்பிக் கத்தினாள்.

"நீங்க நல்லாப் பாருங்க! நாளைக்கும் பாருங்க! கூரைய ஒண்ணும் மூட வேண்டாம்!"

"நீ வரலியா?"

"அக்கா இருட்டுல ஒத்தையாப் பயந்துக்குது. நான் தொணைக்கு இருக்கறன்!"

சொல்லிவிட்டு உள்ளே போய், படாரென்று கதவைச் சாத்திக்கொண்டாள்.