கேரவனில் தண்ணீர் வரவில்லை

வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, ஒரு கோளாறும் இல்லாத மோட்டாரை அவன் ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தான்.

வெளியே ஒரு ஜோடிக் கால்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் கொலுசு போட்ட இன்னொரு ஜோடி.

"ஆகுமாண்ணே?"

"பாத்துட்டிருக்கேன்க்கா."

மோட்டார் ஸ்விட்சைக் காலையில் அணைத்தவனே அவன்தான். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. கேரவன் கழிவறை கதாநாயகிக்கு மட்டும், வேறு யார் கேட்டாலும் ரிப்பேர் என்று சொல்லிவிடு என்பது படப்பிடிப்பு மேனேஜரின் உத்தரவு. அந்த மேடத்துக்கு இது தெரியாது. கேட்டிருந்தால் தாராளமாகப் போகட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். கேட்கத்தான் அங்கே யாருக்கும் வாய் இல்லை.

உத்தரவு போட்டவருக்கென்ன, குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். வாய்கூசாமல் சொல்ல வேண்டியவன் வண்டியைப் பார்த்துக்கொள்ளும் இவன்.

அதையாவது ஒழுங்காகச் சொன்னானா?

முதலில் கரண்ட் இல்லை என்றான். உள்ளே லைட் எரிகிறதே என்றாள் ஜெகதா. படம் படமாகக் கூட்டத்தில் நின்றே காலம் தள்ளும் துணை நடிகை. லைட்டுக்கு வேறு லைன் என்றான். அப்படியானால் மோட்டாரா என்றாள். ஆமாம், மோட்டார்தான் என்று அவள் நீட்டியதையே பிடித்துக்கொண்டான். மோட்டார்தானே, ஒரு பக்கெட்டில் கொண்டுவந்து ஊற்றிக்கொள்கிறோம் என்றாள். கழிவுத் தொட்டி ஒழுகுகிறது என்றான்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். வண்டி வாங்கிய நாளிலிருந்து வராத கோளாறெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தன.

"எனக்கில்லண்ணே." ஜெகதா குரலைத் தாழ்த்தினாள். "இந்த மோனிஷா பொண்ணுக்கு. டேட்டு வந்திருச்சு. மாத்தணும்."

அதற்குப் பிறகுதான் அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தான். வேலை செய்ய இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜெகதா நம்பிவிட்டாள். அதுதான் அவனைக் கொன்றது. சந்தேகப்பட்டு நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்திவிட்டுத் தப்பித்திருப்பான்.

கொலுசுக் கால்கள் ஒட்டி நின்றன. நகரவே பயந்த கால்கள்.

"விடுங்கண்ணே. எங்களால உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்?"

கால்கள் போய்விட்டன.

கண்ணுக்கெட்டிய தூரம்வரை உப்பளம். பாத்தி, வரப்பு, பாத்தி, வரப்பு. மறைவுக்கு ஒரு முள்செடிகூடக் கிடையாது. இயக்குநருக்கு இடம் பிடித்துப் போனதே அதனால்தான். கதாநாயகி இந்தப் படத்தில் உப்பளத்துக் கூலிக்காரி.

படுத்தபடியே பார்த்தான்.

தூரத்து வரப்பில் பெண்கள் வட்டமாக நின்றார்கள். உள்ளே முதுகைக் காட்டி, முந்தானைகளை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் மோனிஷா உட்கார்ந்தாள்.

கடற்காற்று. துணி நிற்கவில்லை. ஒருத்தி இழுத்துப் பிடித்தால் இன்னொருத்தியுடையது பறந்தது.

ஜெனரேட்டர் பக்கம் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். எழுந்து போய் ஸ்விட்சைப் போட எவ்வளவு நேரமாகும்? வேலை போகும். போகட்டுமே என்றது மனம். உடம்பு அசையவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் ஜெகதா மறுபடி வந்தாள். கையில் ஒரு டம்ளர் மோர்.

"எங்களுக்காக இந்தச் சூட்டுல படுத்துக் கெடந்தீங்களே. குடிங்க."

வாங்கினான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

கதாநாயகி வந்துகொண்டிருந்தார். குடை பிடிக்க ஓர் ஆள். பின்னால் மேனேஜர். அவனைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார்.

ஜெகதா பக்கத்திலேயே நின்றாள்.

டம்ளரைப் படியில் வைத்தான். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தான். ஸ்விட்சைப் போட்டான்.

மோட்டார் ஓடியது. ஒரு தடங்கலும் இல்லாமல், நல்ல மோட்டார் எப்படி ஓடுமோ அப்படி.

கதாநாயகி உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் வண்டிக்கடியில் குழாயிலிருந்து சோப்பு நுரையோடு தண்ணீர் கொட்டியது. உப்புத் தரை கரைந்து குழிந்தது.

வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் தலை தூக்கினார்கள். முதலில் எழுந்தவள் மோனிஷா.

"அக்கா, சரியாயிருச்சாக்கா?"

கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தாள். பின்னாலேயே மற்றவர்களும்.

ஜெகதா கொட்டுகிற தண்ணீரைப் பார்த்தாள். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். மறுபடி குடைக்குக் கீழே போய் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த மேனேஜரைப் பார்த்தாள். கடைசியாக அவனைப் பார்த்தாள்.

 

"இல்லடி" என்றாள் ஜெகதா, வருகிறவர்களைப் பார்த்து. "இன்னும் ரிப்பேருதான். அண்ணன் பாத்துட்டிருக்காரு. போங்க, போய்ச் சாப்பிடுங்க."

மோனிஷா நின்றாள். தண்ணீர் கொட்டும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பெண்கள் வரப்புக்கே திரும்பிப் போனார்கள்.

ஜெகதா குனிந்து படியிலிருந்த டம்ளரை எடுத்தாள். அதில் விழுந்திருந்த தூசியை விரல் நுனியால் எடுத்துப் போட்டுவிட்டு, மறுபடி அவன் கையில் கொடுத்தாள்.

"குடிங்கண்ணே."

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போக, அங்கேயே நின்றாள்.